பைத்தான் மொழியில் சிறப்பு முறைகளை அறிதலும் ஆராய்தலும்: சூளகிரி வட்டார ஊர்ப்பெயர்த் தரவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பைத்தான் நிரல்மொழியில் ஒரு பொருளின் நீளத்தைக் கேட்டல், இரு பொருள்களை ஒப்பிடல், வரிசைப்படுத்தல் முதலிய அடிப்படைச் செயல்கள் யாவும் 'சிறப்பு முறைகள்' எனப்படும் பெயர் வரையறுக்கப்பட்ட முறைகளின் வழியே நிகழ்கின்றன. தமிழ்ச் சொற்களைத் தரவாகக் கையாளும் ஆய்வாளர் இம்முறைகளைத் தம் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். ஆயின் எந்த முறை தாம் வகுத்தது, எது மரபுரிமையாக வந்தது என்பதை ஆராயாது விட்டால், பிழைச்செய்தி ஏதுமின்றியே முடிவுகள் திரிந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி, ஒசூர் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு, சிறப்பு முறைகள் இயங்கும் விதத்தையும் அவற்றை ஆராயும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், சிறப்பு முறைகள், ஒருங்குறி, தமிழ் அகரவரிசை, ஈற்றடைவு, ஊர்ப்பெயராய்வு, சூளகிரி.

1. முன்னுரை

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அன்றாட வழக்கில் கலந்து வாழும் எல்லைப்பகுதியாகும். அதன் ஊர்ப்பெயர்களின் ஈறுகளே இக்கலப்பைக் காட்டும். சூளகிரி என்பதில் 'கிரி', தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை என்பவற்றில் 'கோட்டை', மதகொண்டப்பள்ளி, வேப்பனப்பள்ளி என்பவற்றில் 'பள்ளி', ஒசூர், பாகலூர், மத்தூர் என்பவற்றில் 'ஊர்' என ஈறுகள் அமைகின்றன. ஆகவே ஊர்ப்பெயர்களை முதலெழுத்தால் அடுக்குவதோடு ஈற்றெழுத்தால் அடுக்கிக் காண்பதும் இத்துறையில் இன்றியமையாதது. இவ்வடுக்கினை இக்கட்டுரை 'ஈற்றடைவு' எனக் குறிக்கும்.

ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கென இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பைத்தான் மொழியில் தொகுத்தபோது, முதலில் எழுதிய நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது ஓடி முடிந்தது. அது தந்த ஈற்றடைவில் 'கோட்டை' என முடியும் ஊர் ஒன்றுகூட இல்லை. தேன்கனிக்கோட்டையும் இராயக்கோட்டையும் உள்ள வட்டாரத்தில் இவ்வாறு வந்தமையால் மட்டுமே பிழை புலப்பட்டது. அறிமுகமில்லா வட்டாரத்துத் தரவாக இருந்திருப்பின், 'இப்பகுதியில் கோட்டை ஈறு வழங்கவில்லை' என்பது ஆய்வு முடிவாகவே எழுதப்பட்டிருக்கக்கூடும். அப்பிழையின் காரணத்தைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பைத்தான் மொழியின் பெயர்கள் இக்கட்டுரையில் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. சிறப்பு முறைகளின் பெயர்கள் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு பெறும் (எ.கா. __லென்__). கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில் உள்ளவாறே தட்டச்சு செய்தல் வேண்டும்.

2. சிறப்பு முறைகள்: தொகையும் விரியும்

கிடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில், எண், சரம், பட்டியல், செயற்கூறு என அனைத்தும் பொருள்களே. ஒவ்வொரு பொருளும் ஒரு வகுப்பைச் சார்ந்தது. 'லென்' என்னும் செயற்கூற்றுக்கு ஒரு பொருளைக் கொடுத்தால், அச்செயற்கூறு தானே எதனையும் எண்ணுவதில்லை; அப்பொருளின் வகுப்பில் உள்ள __லென்__ முறையை அழைத்து, அது தரும் விடையையே நமக்குத் தருகிறது. அவ்வாறே கூட்டல் குறி __ஆட்__ முறையையும், இரட்டைச் சமக்குறி __ஈக்யூ__ முறையையும், 'விடச் சிறிது' என்னும் குறி __எல்டி__ முறையையும், 'விடப் பெரிது' என்னும் குறி __ஜிடி__ முறையையும், சதுர அடைப்புக்குறி __கெட்ஐட்டம்__ முறையையும் அழைக்கின்றன.

இதனைத் தமிழிலக்கணம் கூறும் தொகைநிலையோடு ஒப்பிட்டு உணரலாம். 'பால் குடித்தான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படவில்லை. 'பாலைக் குடித்தான்' என விரிக்கும்போது அது தோன்றுகிறது. உருபு மறைந்திருப்பினும் பொருளைத் தீர்மானிப்பது அதுவே. நிரலில் நாம் எழுதும் குறிகளும் அத்தகைய தொகைகளே. அவற்றுள் மறைந்துள்ள முறையின் பெயரையும், அம்முறை எந்த வகுப்பிலிருந்து வந்தது என்பதையும் வெளிக்கொணர்தலே ஆராய்தல் ஆகும்.

3. சரமும் தமிழெழுத்தும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247 என்பது பள்ளிப் பாடம். ஆனால் ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட கட்டம் 128 இடங்களை மட்டுமே கொண்டது. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிப்புள்ளிகளாக அமைந்து, உயிர்மெய்யும் புள்ளிமெய்யும் அவற்றின் சேர்க்கையால் உருவாகின்றன. 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், 'எஸ்டிஆர்' என்னும் சரவகுப்பு ஒருங்குறிக் குறிப்புள்ளிகளின் வரிசையாக இயங்குகிறது. எனவே அதன் __லென்__ முறை எண்ணுவது குறிப்புள்ளிகளை, எழுத்துகளை அன்று.

'சூளகிரி' என்பது நான்கு எழுத்து. சரவகுப்பின் கணக்கில் ஏழு. 'ஒசூர்' மூன்று எழுத்து, கணக்கில் ஐந்து. 'தேன்கனிக்கோட்டை' எட்டு எழுத்து, கணக்கில் பதினைந்து. இதனைப் பைத்தானின் பிழையெனக் கொள்ளுதல் தகாது. சரவகுப்பு தான் வாக்களித்ததைச் செய்கிறது; தமிழ் எழுத்து என்னும் கருத்தை அது அறியாது. அக்கருத்தைக் கற்பிக்கும் இடமே சிறப்பு முறைகள்.

வரிசைமுறையிலும் இவ்வேறுபாடு உண்டு. சரவகுப்பின் ஒப்பீடு குறிப்புள்ளிகளின் எண்மதிப்பைப் பின்பற்றுவது. 'ஆர்ட்' என்னும் செயற்கூற்றால் அம்மதிப்பைக் காணலாம்: ன 2985, ப 2986, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. தமிழ் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. மேலும் புள்ளியின் மதிப்பு 3021. அது எல்லா மெய்களுக்கும், சொல்லில் வழக்கமாக வரும் உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டது. ஆதலால் அகராதியில் முன்வர வேண்டிய புள்ளிமெய், சரவகுப்பின் அடுக்கில் பின்வருகிறது. 'மத்தூர்', 'மதகொண்டப்பள்ளி' என்னும் இரண்டில் தமிழ் முறைப்படி மத்தூரே முதலில் வரும். சரவகுப்பின் அடுக்கிலோ மதகொண்டப்பள்ளி முந்திவிடுகிறது.

இவ்விரு காரணங்களும் ஒருங்கே செயற்படும்போது அடுக்கு முற்றிலும் தலைகீழாகவும் கூடும். தேவகோட்டை, தேன்கனிக்கோட்டை, தேனி என்பது தமிழ் அகரவரிசை. சரவகுப்பின் வரிசை தேனி, தேன்கனிக்கோட்டை, தேவகோட்டை என்பதாகும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு தேடியோர் பலர். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்16 குறியாக்கத்தை ஒருங்குறியோடு தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றமையும், முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நூலகம் சரத்தை எழுத்துகளாகப் பிரித்துத் தருதலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. எழுத்தாகப் பிரித்தல் நூலகத்தால் இயலும். பிரித்த எழுத்துகளை ஒரு பொருளாக்கி, மொழியின் எல்லாச் செயல்களும் அவ்வெழுத்துகளின் மேலேயே நிகழுமாறு செய்வது சிறப்பு முறைகளின் பணி.

4. முதல் வடிவமும் அதன் வீழ்ச்சியும்

ஆய்வாளர் முதலில் வகுத்த 'சொல்' என்னும் வகுப்பு, எஸ்டிஆர் வகுப்பிலிருந்து மரபுரிமை பெற்றது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை வகுப்பின் பெயராக ஏற்பதால் 'சொல்' எனவே பெயரிடல் இயலும். அதில் இரண்டு முறைகள் மட்டுமே புதிதாக எழுதப்பட்டன: எழுத்துகளை எண்ணும் __லென்__, தமிழ் அகரவரிசைப்படி ஒப்பிடும் __எல்டி__. ஏனையவற்றைச் சரவகுப்பு கவனித்துக்கொள்ளும் என்பது எண்ணம். சோதனையில் 'லென்' சரியான விடை தந்தது. 'சார்ட்டட்' என்னும் அடுக்கற் செயற்கூறும் தமிழ் வரிசையையே தந்தது. இவ்விரு சோதனைகளோடு மனநிறைவு கொண்டதே பிழை.

ஈற்றடைவுக்கெனச் சொல்லைப் பின்னிருந்து படிக்க 'ரிவர்ஸ்டு' பயன்படுத்தப்பட்டது. இச்செயற்கூறு முதலில் __ரிவர்ஸ்டு__ என்னும் முறையைத் தேடும். சரவகுப்பில் அம்முறை இல்லை. ஆகவே __லென்__ முறையிடம் நீளத்தைக் கேட்டு, அந்நீளத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு இடத்தையும் __கெட்ஐட்டம்__ முறையிடம் கேட்கும். முதல் வடிவில் __லென்__ புதியது. அது எழுத்துகளை எண்ணுகிறது. __கெட்ஐட்டம்__ பழையது, அது குறிப்புள்ளிகளைத் தருகிறது. இரு வேறு அலகுகளில் பேசும் இருவரிடையே நடந்த கணக்கின் விளைவு வருமாறு:

ஊர்ப்பெயர் | எழுத்து | குறிப்புள்ளி | பின்னோக்கிப் படிக்கையில் கிட்டிய பகுதி
ஒசூர் | 3 | 5 | ஒசூ
சூளகிரி | 4 | 7 | சூளக
மதகொண்டப்பள்ளி | 9 | 14 | மதகொண்டப்
தேன்கனிக்கோட்டை | 8 | 15 | தேன்கனிக

கிரி, பள்ளி, கோட்டை என எவ்வீற்றை அறிய அடைவு உருவாக்கப்பட்டதோ அவ்வீறே அறுபட்டது. நிரலைப் பொறுத்தவரை பிழை ஏதுமில்லை. எட்டு இடங்களைக் கேட்டது, எட்டும் கிடைத்தன.

அடுக்கிலும் ஒரு முரண் மறைந்திருந்தது. 'சார்ட்டட்' செயற்கூறு __எல்டி__ முறையை மட்டுமே பயன்படுத்தும். 'மேக்ஸ்' என்னும் உச்சம் காணும் செயற்கூறோ __ஜிடி__ முறையைப் பயன்படுத்தும். பின்னது சரவகுப்பின் மரபுரிமை. எனவே மேற்கூறிய மூன்று ஊர்களை அடுக்கினால் இறுதியில் நிற்பது தேனி. அவற்றுள் உச்சத்தைக் கேட்டால் வருவது தேவகோட்டை. தேவகோட்டை தேனியைவிடச் சிறிது என்பதும், தேவகோட்டை தேனியைவிடப் பெரிது என்பதும் அந்நிரலில் ஒருங்கே உண்மையாயின.

ஒப்பீட்டு முறை ஒன்றைக் கொடுத்தால் எஞ்சியவற்றை நிரப்பித் தரும் 'டோட்டல் ஆர்டரிங்' என்னும் அலங்கரிப்பி உண்டு. அதனை இங்குச் சேர்த்தும் பயனில்லை. வகுப்பிலோ அதன் மூதாதை வகுப்புகளிலோ முன்பே வகுக்கப்பட்ட முறைகளை அது மாற்றாது. சரவகுப்பு எல்லா ஒப்பீட்டு முறைகளையும் வகுத்திருத்தலின், நிரப்புதற்கு இடமில்லை எனக் கருதி அது வாளா இருந்துவிடும்.

5. ஆராயும் கருவிகள்

மேற்கண்ட பிழைகள் அனைத்தும் 'இம்முறை யாருடையது' என்னும் ஒரே வினாவால் வெளிப்பட்டிருக்கும். அதற்கான கருவிகளும் அவற்றின் வரம்புகளும் பின்வருமாறு.

5.1 'டிர்'

ஒரு பொருளில் அணுகத்தக்க பெயர்களைப் பட்டியலிடுவது 'டிர்' செயற்கூறு. முதல் வடிவின் சொல்லை இதற்குக் கொடுத்தால் __லென்__, __ஐட்டர்__, __கெட்ஐட்டம்__, __ஜிடி__ யாவும் பட்டியலில் தோன்றும். ஆயின் எது எங்கிருந்து வந்தது என்பது அதில் புலனாகாது. இருப்பதை அறியலாம், பிறப்பை அறியவியலாது. பட்டியலையே மாற்றித் தருமாறு ஒரு வகுப்பு __டிர்__ முறையை வகுத்துக்கொள்ளவும் கூடும் என்பதால் இதனை இறுதிச் சான்றாகக் கொள்ளுதலும் ஆகாது.

5.2 'ஹாஸ்அட்டர்'

ஒரு பண்பு உண்டா இல்லையா எனக் கேட்பது 'ஹாஸ்அட்டர்'. சிறப்பு முறைகளின் வகையில் இது மூவிடத்து ஏமாற்றும். முதலாவது, ஒரு வகுப்பில் __ஈக்யூ__ முறையை வகுத்து __ஹாஷ்__ முறையை வகுக்காது விட்டால், பைத்தான் தானாகவே __ஹாஷ்__ என்னும் பெயருக்கு 'நன்' எனப்படும் வெறுமையை இடும். அப்பொருளைக் கணத்தில் சேர்க்கவியலாது. ஆனால் பெயர் இருப்பதால் 'ஹாஸ்அட்டர்' உண்டு என்றே விடையளிக்கும். இரண்டாவது, __ஐட்டர்__ இல்லாதபோதும் __கெட்ஐட்டம்__ இருப்பின் பைத்தான் 0, 1, 2 என வரிசையாகக் கேட்டு மடக்கில் இயங்கச் செய்யும். அங்கு 'ஹாஸ்அட்டர்' இல்லை எனக் கூறினும் செயல் நிகழும். மூன்றாவது, தன்னிடம் இல்லாத பண்புகளை உள்ளிருக்கும் சரத்திடம் கேட்டுத் தருமாறு __கெட்அட்டர்__ முறையை வகுத்த பொருளில், __லென்__ உண்டு என விடை வரும். ஆனால் 'லென்' செயற்கூறு பிழைச்செய்தி தரும்.

மூன்றாவதன் காரணம் சிறப்பு முறைகளின் அடிப்படை விதியொன்றில் உள்ளது. குறிகள் வழியாகவும் உள்ளமைச் செயற்கூறுகள் வழியாகவும் மறைமுகமாக அழைக்கப்படும்போது, சிறப்பு முறை பொருளில் தேடப்படுவதில்லை. அதன் வகுப்பில் மட்டுமே தேடப்படும். ஒரு தனிப் பொருளுக்கு மட்டும் __லென்__ என்னும் பண்பை ஒட்டவைத்தாலும் 'லென்' அதனைப் பொருட்படுத்தாது. வகுப்புகளும் பொருள்களே ஆதலால், வகுப்பின் மேல் நிகழும் செயலும் அவ்வகுப்பின் பொருள்மேல் நிகழும் செயலும் குழம்பாதிருக்க இவ்விதி வேண்டப்படுகிறது. விரைவும் இதன் பயனாகும்.

5.3 மரபுவரிசையில் தேடல்

ஒவ்வொரு வகுப்பும் தன் மூதாதையரின் வரிசையை __எம்ஆர்ஓ__ என்னும் பண்பில் வைத்திருக்கும். முதல் வடிவில் அது சொல், எஸ்டிஆர், ஆப்ஜெக்ட் என மூன்று வகுப்புகளைக் கொண்டது. ஒவ்வொரு வகுப்பும் தானே வகுத்த பெயர்களை __டிக்ட்__ என்னும் பண்பில் வைத்திருக்கும். 'வார்ஸ்' செயற்கூற்றாலும் இதனைப் பெறலாம். இவ்விரண்டையும் இணைத்தால் தேவையான கருவி கிட்டும். பொருளின் வகுப்பை 'டைப்' செயற்கூற்றால் பெறுக. அதன் மரபுவரிசையில் உள்ள வகுப்புகளை முறையே எடுத்து, தேடும் பெயர் அதன் __டிக்ட்__ பண்பில் உள்ளதா எனக் காண்க. உள்ள முதல் வகுப்பின் பெயரை விடையாகத் தருக. எவ்வகுப்பிலும் இல்லையெனில் 'எவருமிலர்' என்க. ஐந்தாறு வரிகளில் எழுதத்தக்க இச்செயற்கூறு முதல் வடிவைப் பற்றிக் கூறுவது:

செயல் | சிறப்பு முறை | வகுத்த வகுப்பு | 'தேன்கனிக்கோட்டை' பெறும் விளைவு
நீளம் | __லென்__ | சொல் | 8
சிறிது | __எல்டி__ | சொல் | தமிழ் அகரவரிசை
பெரிது | __ஜிடி__ | எஸ்டிஆர் | குறிப்புள்ளி வரிசை
மடக்கு | __ஐட்டர்__ | எஸ்டிஆர் | 15 அலகுகள்
முதலிடம் | __கெட்ஐட்டம்__ | எஸ்டிஆர் | 'த' ('தே' அன்று)
'ன' உளதா | __கண்டெயின்ஸ்__ | எஸ்டிஆர் | உண்டு
பின்னோக்கல் | __ரிவர்ஸ்டு__ | எவருமிலர் | ஈறு அறுபடல்

ஆறாம் வரி கருதத்தக்கது. அவ்வூர்ப்பெயரில் 'ன்', 'னி' என்னும் எழுத்துகள் உண்டு. 'ன' என்னும் அகரமேறிய உயிர்மெய் இல்லை. குறிப்புள்ளியை எழுத்தெனக் கொண்டதால் இல்லாதது உள்ளதாயிற்று.

வகுப்பையே 'ஹாஸ்அட்டர்' கொண்டு வினவினால் போதாதோ எனின், போதாது. 'அழைக்கத்தக்கதா' என்பதைத் தீர்மானிக்கும் __கால்__ முறையை எவ்வகுப்பிடம் கேட்டாலும் உண்டு என்றே விடை வரும். வகுப்பு என்பதே அழைக்கத்தக்க பொருளாதலின். மரபுவரிசையில் தேடுதலே ஐயமற்றது. அங்கும் கிட்டிய மதிப்பு 'நன்' எனின், அம்முறை வேண்டுமென்றே மறுக்கப்பட்டது எனக் கொள்க.

5.4 'இன்ஸ்பெக்ட்' தொகுதி

பைத்தானோடு வரும் இத்தொகுதியின் 'கெட்சோர்ஸ்' ஒரு முறையின் மூலநிரலைக் காட்டும். 'சிக்னேச்சர்' அது ஏற்கும் உள்ளீடுகளைக் காட்டும். 'கெட்அட்டர்ஸ்டாட்டிக்' __கெட்அட்டர்__ முறையைத் தூண்டாமலேயே பண்பைத் தேடும். நாம் வகுத்த __லென்__ முறையின் மூலநிரலைக் கேட்டால் கிட்டும். சரவகுப்பின் __லென்__ முறையைக் கேட்டால் பிழைச்செய்தி வரும். பின்னது பரவலாக வழங்கும் சிபைத்தானில் சி மொழியில் எழுதப்பட்டது. அதனைத் திரையில் இட்டால் 'ஸ்லாட் ராப்பர்' என்னும் குறிப்பு தோன்றும். நம் கையில் இல்லாத முறை எது என்பதை அறிய அக்குறிப்பும் ஓர் அடையாளமாகும்.

6. இரண்டாம் வடிவம்

ஆராய்ச்சியின் பயனாகச் சொல் வகுப்பு சரவகுப்பின் மரபுரிமையை விடுத்துத் தனித்து அமைக்கப்பட்டது. சரம் அதன் உள்ளுறுப்பு, மூதாதை அன்று. __இனிட்__ முறை வரும் சரத்தை இயல்பாக்கி, எழுத்துகளாகப் பிரித்து, மாற்றவியலாத 'டியூப்பிள்' வரிசையாக வைத்துக்கொள்ளும். உயிர்க்குறியோ புள்ளியோ வரின் முந்தைய மெய்யோடு சேர்த்தல், பிற வரின் புது எழுத்தாகத் தொடங்கல் என்பதே பிரிக்கும் விதி. __லென்__, __ஐட்டர்__, __கெட்ஐட்டம்__, __கண்டெயின்ஸ்__ ஆகிய நான்கும் அவ்வெழுத்து வரிசையையே நோக்கும். அலகு ஒன்றானமையால் 'ரிவர்ஸ்டு' தனக்கென முறையின்றியும் சரியாக இயங்குகிறது.

ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் இணையெண்ணாக மாற்றப்படும். மெய்யின் நெடுங்கணக்கு இடம் முதலெண். உயிரின் இடம் இரண்டாமெண். புள்ளிமெய்க்கு இரண்டாமெண் சுழியம். எனவே அது அகரமேறியதற்கு முன் நிற்கும். உயிரெழுத்துகளும் ஆய்தமும் மெய்களுக்கு முன்னும், கிரந்த எழுத்துகள் அவற்றுக்குப் பின்னும் வைக்கப்பட்டன. __எல்டி__ இவ்விணைகளை ஒப்பிடும். மூதாதை ஆப்ஜெக்ட் வகுப்பு மட்டுமே ஆதலால் 'டோட்டல் ஆர்டரிங்' இப்போது எஞ்சிய ஒப்பீடுகளை முறையாக நிரப்புகிறது. சொல் அல்லாத பொருளோடு ஒப்பிட நேரின், இம்முறைகள் பொய் எனக் கூறாது 'நாட் இம்ப்ளிமென்டட்' என்னும் தனி மதிப்பைத் தருதல் வேண்டும். அப்போதுதான் பைத்தான் எதிர்ப்பொருளின் முறையை நாடும்.

அடுக்குவதற்கு மட்டும் எனின் வகுப்பு வேண்டா. 'சார்ட்டட்' செயற்கூற்றுக்கு ஒப்பீட்டுத் திறவு ஒன்றைக் கொடுத்தலே போதும். அடுக்கல், எண்ணல், தேடல், சமம் காணல் யாவும் ஒரே எழுத்துக்கொள்கையில் நிற்க வேண்டும் என்னும்போதே வகுப்பு தேவையாகிறது.

7. எது சமம்? எது வேறு?

__ஈக்யூ__ முறையை வகுத்தல் நிரல் வினா மட்டுமன்று, ஆய்வு வினாவுமாகும். ஓகார உயிர்க்குறி ஒருங்குறியில் 3019 என்னும் ஒரே குறிப்புள்ளியாகவும், ஏகாரக்குறியும் காலும் சேர்ந்த (3015, 3006) இரு குறிப்புள்ளிகளாகவும் எழுதப்படலாம். இரண்டும் திரையில் ஒன்றே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்பில் பின்னைய வடிவம் வருதல் உண்டு. அவ்வாறு வந்த தேன்கனிக்கோட்டை பதினாறு குறிப்புள்ளிகள் கொண்டது. சரவகுப்பு அதனை வேறொரு ஊராகவே கொள்ளும். ஓர் ஊர் இருமுறை எண்ணப்படும். 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் இயல்பாக்கச் செயற்கூறு இரண்டையும் ஒன்றாக்கும். ஐயம் எழும்போது 'ஆஸ்கி' செயற்கூற்றில் இட்டால் கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாடு குறிப்புள்ளி எண்களாக வெளிப்படும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. நிரலில் மாறிகளுக்கும் வகுப்புகளுக்கும் இடும் தமிழ்ப் பெயர்களைப் பைத்தான் தானாகவே இயல்பாக்கிக்கொள்ளும். தரவாக வரும் சரங்களை அது தொடுவதில்லை. பெயரில் ஒன்றாகத் தோன்றிய 'கோ' தரவில் இரண்டாக நிற்பது இதனாலேயே.

இயல்பாக்கமும் எல்லாவற்றையும் தீர்ப்பதன்று. ஔகாரத்தை ஒகரத்தோடு ஔகார நீட்டற்குறி சேர்த்து எழுதியிருப்பின் அது ஒன்றாக்கும். ஒகரத்தோடு ளகர மெய்யைச் சேர்த்து எழுதியிருப்பின் அது தட்டச்சுப் பிழை. மாந்தரே திருத்த வேண்டும்.

இனி, ஒசூர் எனவும் ஓசூர் எனவும் எழுதப்படுகின்றது. சூளகிரியைச் சூலகிரி என எழுதுவோரும் உளர். இவற்றையும் சமமாக்கும்படி __ஈக்யூ__ முறையை வகுக்கலாமா எனின், கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. குறியாக்க வேறுபாடு கணினியின் தற்செயல். அதனை அழிப்பதால் இழப்பில்லை. எழுத்து வேறுபாடு மக்களின் வழக்கு. மும்மொழி எல்லையில் ஒரு பெயர் எவ்வாறெல்லாம் ஒலிக்கப்பட்டது, எழுதப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. அதனைச் சமக்குறிக்குள் மறைத்துவிட்டால் தரவிலிருந்து மீட்டெடுத்தல் அரிது. அத்தகைய உறவுகளை 'வேற்றுவடிவம்' எனத் தனியொரு முறையாக வகுத்தலே தக்கது.

சமம் எனக் கொள்ளும் பொருள்களின் __ஹாஷ்__ மதிப்பும் ஒன்றாதல் வேண்டும். ஆகவே எதனைக் கொண்டு சமம் காண்கிறோமோ அதே எழுத்து வரிசையிலிருந்தே __ஹாஷ்__ மதிப்பையும் கணித்தல் முறை.

8. முடிவுரை

சிறப்பு முறைகளை வகுப்பது எளிது. வகுக்காது விட்டவை யாவை என்பதை அறிவதே அரிது. தமிழ்ச் சொல்லுக்கென வகுப்பு அமைப்போர், ஒரு முறையை மாற்றும்போது அதனோடு ஒரே அலகில் இயங்க வேண்டிய பிற முறைகளையும் மரபுவரிசைத் தேடலால் சரிபார்த்தல் வேண்டும். 'ஹாஸ்அட்டர்' தரும் விடையை மட்டும் நம்புதல் ஆகாது. அடுக்கின் இறுதியும் உச்சமும் ஒன்றாகின்றனவா, பின்னோக்கிப் படித்ததை மீண்டும் பின்னோக்கிப் படித்தால் பழைய சொல் கிட்டுகின்றதா என்னும் இரு சிறு சோதனைகள் மட்டுமே முதல் வடிவின் இரு பெரும் பிழைகளையும் காட்டியிருக்கும்.

இரண்டாம் வடிவில் ஈற்றடைவு மீண்டும் உருவாக்கப்பட்டது. தேன்கனிக்கோட்டையும் இராயக்கோட்டையும் 'கோட்டை' ஈற்றின்கீழ் அடுத்தடுத்து நின்றன. சூளகிரி தன் 'கிரி'யை மீளப் பெற்றது. நிரல் பிழையின்றி ஓடியமையும் முடிவு பிழையற்றது என்பதும் வேறு வேறு. அவ்விடைவெளியைக் காண்பதற்கு முறைகளை விரித்து நோக்கும் பழக்கமும், தரவு எழுந்த நிலத்தைப் பற்றிய அறிவும் ஆய்வாளருக்கு ஒருங்கே வேண்டும்.